யானையா, எழுத்தா, சக்கரமா? ஒரு மரப் பொம்மைப் பட்டறையின் முகத்தைத் தேர்ந்தெடுத்த கதை

கோயம்புத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து, மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கும் கடைசல் பட்டறை ஒன்றை நடத்துகிறார்கள். நடைவண்டி, கிலுகிலுப்பை, பம்பரம், மணி கோக்கும் சட்டம், செப்புச் சாமான் என்று பதினொரு பொருள்களைச் செய்கிறார்கள். எல்லாமே மரம், எல்லாவற்றுக்கும் அரக்குச் சாயம். இதுவரை கண்காட்சிகளிலும் தெரிந்தவர்கள் வழியாகவும் விற்றுவந்தவர்கள், இனிக் கடைகளுக்கும் இணைய விற்பனைத் தளங்களுக்கும் கொடுப்பதென்று முடிவெடுத்து, பெயருக்கும் பெட்டிக்கும் ஒரு முகம் வரைந்து தரும்படி என்னைக் கேட்டார்கள். அண்ணனுக்கு ஒரு யானைக்குட்டி வேண்டும். தங்கைக்குப் பெயரையே அழகாக எழுதினால் போதும். இருவரும் சொன்னதைக் கேட்டு வரையத் தொடங்கியபோது, பட்டறைத் தரையில் கிடந்த சக்கரங்களும் மணிகளும் மூன்றாவதாக ஒரு வழியைக் காட்டின. இந்த மூன்றில் எது இவர்களுக்குப் பொருந்தும் என்று நான் எடைபோட்ட விதத்தை, இதே நிலையில் இருக்கும் மற்றச் சிறு நிறுவனங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எடைபோடுவதற்கு முன் சில கட்டாயங்களைச் சொல்லிவிட வேண்டும். பொம்மையை வாங்குகிறவர் பெற்றோரோ தாத்தா பாட்டியோதான்; விளையாடுவது குழந்தை. பெட்டி பெரியவரின் கையிலிருந்து குழந்தையின் கைக்கு மாறும்போது, முன்னவர் படித்துப் புரிந்துகொண்ட ஒன்றைப் பின்னவர் படிக்காமலே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சின்னம் கைப்பேசித் திரையில் விரல்நுனி அளவிலும் தெரிய வேண்டும். நடைவண்டிச் சக்கரத்தின் நடுவே, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இடத்தில், லேசரால் சுட்டாலும் தெரிய வேண்டும். இதற்கு மேல் சட்டம் கேட்கும் இடம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும், கைவினை ஆணையரகத்தில் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கும் விலக்கு உண்டு என்றாலும், இந்தப் பட்டறை அந்த வரம்புக்குள் வரவில்லை. முத்திரை, உரிம எண், அதிகபட்ச விலை, தயாரிப்பாளரின் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு எண், வயது எச்சரிக்கை ஆகிய அனைத்தையும் கிலுகிலுப்பையின் சிறு பெட்டியில் வைத்த பிறகு, வடிவமைப்பாளருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம்தான். ஆகவே நான் ஒப்பிட்டது முழுத்தாளில் அழகாகத் தெரிந்த மூன்று படங்களை அல்ல. அந்த ஒன்றரைப் பக்கத்தில் எது நின்று பேசும் என்பதைத்தான்.

யானையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் பக்கம்தான் நம் ஊர்ப் பழக்கம் முழுவதும் நிற்கிறது. மளிகைக் கடையில் மயில் மார்க் சம்பா ரவை கேட்கிறோம்; தீபாவளிக்குச் சேவல் மார்க் பட்டாசு கேட்கிறோம்; சேமியா என்றால் அணில் நினைவுக்கு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும், எந்த ஊரிலிருந்து வந்தவரும், நிறுவனத்தின் பெயரே தெரியாமல் பொருளைக் கேட்டு வாங்க அந்தப் படம் போதும். மூன்று வயதுக் குழந்தையும் எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்தான் என்று அண்ணன் சொன்னபோது அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. உலக அளவில் இதற்குப் பெரிய சான்று அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளின் ஒட்டகச்சிவிங்கி. 2017-ல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. 2018-ல் அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன. பிறகு பெயரை வாங்கியவர்கள் ஒட்டகச்சிவிங்கியையும் சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். கடை போனாலும் பாத்திரம் பிழைத்திருக்கும் என்பதற்கு இது போதுமான எடுத்துக்காட்டு.

ஆனால் ஒரு பாத்திரம் பிழைத்திருக்க யாராவது அதை வரைந்துகொண்டே இருக்க வேண்டும். அமுல் சிறுமி 1960-களிலிருந்து இன்றுவரை இளமையாக இருப்பதற்குக் காரணம் அவளுடைய புள்ளிச் சட்டை அல்ல. நாட்டு நடப்பைப் பற்றி ஓயாமல் புதிது புதிதாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஆர்.கே. லக்ஷ்மண் 1954-ல் ஏசியன் பெயின்ட்ஸுக்காக வரைந்த கட்டு என்ற பையன், கையில் தூரிகையும் வாளியுமாகச் சுவர் சுவராக நின்று, ஒரு காலத்தில் நிறுவனத்தின் பெயரைவிடப் பரிச்சயமாக இருந்தான். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவனம் அவனை முகப்பிலிருந்து எடுத்துவிட்டது. பெரிய நிறுவனத்துக்கே ஒரு பாத்திரத்தைக் காலத்துக்கேற்ப வளர்ப்பதா, விலக்குவதா என்ற கேள்வி வருகிறது. இங்கே பட்டறையில் இருவரும், உதவிக்கு நால்வரும் இருக்கிறார்கள். யானைக்குட்டி உட்கார்ந்தால் எப்படி இருக்கும், பின்னாலிருந்து எப்படித் தெரியும், பம்பரப் பெட்டியில் என்ன செய்யும், பொங்கல் வாழ்த்தில் என்ன செய்யும் என்று ஒவ்வொரு முறையும் ஓர் ஓவியர் வேண்டும். ஓவியர் மாறினால் யானையின் கண் மாறும், கண் மாறினால் அது வேறு யானை. ஒரே படத்தைப் பத்தாண்டுகள் எல்லாப் பெட்டியிலும் ஒட்டுவதாக இருந்தால், பாத்திரத்தால் கிடைக்க வேண்டிய உயிர்ப்பு கிடைக்காமல், அதன் செலவு மட்டும் மிஞ்சும். தவிர, யானைச் சின்னம் கொண்ட பொருள்கள் இந்தியாவில் ஏராளம்; பொம்மைகள் அடங்கிய 28-ஆம் வகுப்பில் வணிகக் குறி (டிரேட்மார்க்) பதிவுக்குப் போனாலும் அந்தக் கூட்டத்தில் இவர்களுடைய குட்டியைத் தனித்துக் காட்டுவது எளிதல்ல.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி. மூன்று வடிவங்களிலும் கையால் ஒட்டிய மாதிரிப் பெட்டிகளைச் செய்து, தங்கையின் நான்கு வயது மகனிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். யானைப் பெட்டியைத்தான் அவன் முதலில் எடுத்தான். அண்ணனின் முகம் மலர்ந்தது. மூடியைத் திறந்து பம்பரத்தை வெளியே எடுத்துத் தரையில் வைத்தான். பிறகு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். “மாமா, யானை எங்க?” என்று கேட்டான். அரக்குப் பூசி, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பேற்றிய அந்தப் பம்பரம் அரை மணி நேரம் சீந்துவாரின்றிக் கிடந்தது. பெட்டியின் முகப்பில் இருப்பதைக் குழந்தை விளம்பரமாகப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதாகச் சொன்ன வாக்காகப் பார்க்கிறது. பாத்திரத்தையே பொம்மையாகவும் விற்கிற நிறுவனத்துக்கு இந்தக் குறை வராது. பம்பரமும் நடைவண்டியும் விற்கிறவர்களுக்குக் கட்டாயம் வரும்.

எழுத்துச் சின்னத்துக்கு வருகிறேன். பொம்மை உலகில் நீண்ட நாள் நின்ற முகங்களில் பல வெறும் எழுத்துகளே. டென்மார்க்கின் லெகோ, நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-ல் வைத்த பெயர். சிவப்புச் சதுரத்தில் உருண்ட வெள்ளை எழுத்தாக இன்று நாம் பார்க்கும் வடிவம் 1973-ல் அமைந்து, 1998-ல் சற்றே சீர்செய்யப்பட்டது, அவ்வளவுதான். டாய்ஸ் ஆர் அஸ் கடைகளும் ஒட்டகச்சிவிங்கியை மட்டும் நம்பவில்லை. ஆங்கில ஆர் எழுத்தை, எழுதப் பழகும் குழந்தை திருப்பி எழுதுவதுபோல் எழுதி, அந்த ஒரே பிழையால் பெயரை மறக்க முடியாததாக்கின. ஃபிஷர் பிரைஸ் 2019-ல் தன் பழைய சின்னத்தைப் புதுப்பித்தபோது, கடைப் பந்தல்போல் தொங்கும் வளைவுகளை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தது, தொடங்கிய மூவருக்கும் ஒவ்வொன்று என்ற கணக்கில். இரு சொற்களுக்கும் இடையில் இருந்த சிறு கோட்டை வளைத்துப் புன்னகையாக்கியது. நான் பெரிதும் மதிக்கும் வேலை அது. சத்தம் போடாமல், இருப்பதை வைத்தே விளையாடியிருக்கிறார்கள்.

இதே விளையாட்டைத் தமிழில் எப்படி ஆடுவது என்பதில்தான் எனக்குப் பல நாள் போயிற்று. திருப்பி எழுதிய எழுத்து நமக்கு உதவாது. தமிழ் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினால் பகரம் அப்படியே இருக்கும், மற்றவை அச்சுப் பிழையாகத் தோன்றும். தமிழ் எழுதப் பழகும் குழந்தை செய்யும் தவறுகள் வேறு. கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடும். புள்ளியை மறக்கும், அல்லது நினைவுவந்து எல்லா எழுத்துக்கும் வைக்கும். இவர்களுடைய நிறுவனப் பெயரில் இரண்டு புள்ளிகளும், இரண்டு மூன்றுசுழி ணகரமும், கடைசியில் ஒரு லகர ஐகாரமும் வருகின்றன. புள்ளிகளைப் பெரிதாக்கி, ஒன்றை எழுத்தின் தலையில் உட்கார்த்தி, மற்றொன்றை உருண்டு விழப்போவதுபோல் சற்றே விளிம்புக்குத் தள்ளிப் பார்த்தேன். பெயருக்கு உடனே உயிர் வந்துவிட்டது. குழந்தைக்கு அது பந்து, பெரியவருக்கு அது புள்ளி, இருவருமே சரி.

தங்கை ஒருபடி மேலே போய், பழைய லையைப் போடலாமே என்றார். 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளில் ஐகாரக் குறி எழுத்துக்கு மேலே யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் வளைந்து நின்றது. அதை வரைந்தால் யானையும் கிடைக்கும், எழுத்தும் கிடைக்கும், அண்ணனும் மகிழ்வார். வரைந்து பார்த்தபோது மூன்று வழிகளிலும் மிக அழகான தாள் அதுவாகவே இருந்தது. இருந்தும் ஒதுக்கினேன். இன்றைய இளம் பெற்றோர் பலர் அதைப் பள்ளியில் படித்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை தன் பாடநூலில் இல்லாத ஓர் உருவத்தைப் பொம்மைப் பெட்டியில் பார்த்துக் குழம்பும். கைப்பேசியில் தட்டச்சிட்டுத் தேடவும் முடியாது. படிக்கப் பழகுகிறவர்களுக்கான பொருளில், படிப்பதற்குத் தடையாக நிற்கும் அழகை நான் வைக்க விரும்பவில்லை. இதே காரணத்தால்தான், குழந்தைத்தனமாக இருக்கட்டும் என்று கோணலும் குறுக்குமாக வரையப்படும் எழுத்துருக்களையும் தொடவில்லை.

எழுத்துச் சின்னத்தின் பலம் சட்டத்திலும் செலவிலும் இருக்கிறது. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையம் வழியாக ஒரு வகுப்பில் வணிகக் குறிக்கு விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தனித்தன்மையுள்ள ஒரு பெயரை இப்படிக் காப்பதுபோல் ஒரு படத்தையோ வண்ணத்தையோ எளிதில் காத்துவிட முடியாது. அதன் பலவீனம் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. ணகரத்தின் மூன்று சுழிகளும் சக்கரத்தின் நடுவே லேசரில் சுடும்போது மர நார்களோடு கலந்து கருகி, மூன்றும் ஒரே கறையாகிவிட்டன. எழுத்தைத் தடிப்பாக்கினால் சுழி அடைபடுகிறது. மெலிதாக்கினால் மரத்தின் வரியில் கோடு காணாமல் போகிறது. பெங்களூரிலும் மும்பையிலும் விற்பதற்கு ஆங்கில எழுத்திலும் பெயர் வேண்டும் என்பதால், புள்ளி விளையாட்டு பாதி வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, பொம்மையின் உறுப்புகளையே முகமாக்குவது. கடைசலில் பிறக்கும் உருவங்கள் மிகச் சில: சக்கரம், மணி, குச்சி, கூம்பு, கிண்ணம். நடைவண்டிப் பெட்டியில் மூன்று வட்டங்களும் சில குச்சிகளும். பம்பரப் பெட்டியில் ஒரு கூம்பும் ஒரு சிறு வட்டமும். கிலுகிலுப்பைக்கு ஒரு குச்சியும் வரிசையாக மணிகளும். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பொருளின் உறுப்புகளை மட்டும் தட்டையாக, தனித்தனியாகப் பரப்பி வைப்பது. எல்லாவற்றுக்கும் பொதுவான சின்னமாக நடைவண்டியின் மூன்று சக்கரங்களை ஆய்த எழுத்துபோல் நிறுத்துவது. புதிய பொம்மை வந்தால் ஓவியர் வேண்டாம். அதே ஐந்து உருவங்களைத் தங்கையே கணினியில் அடுக்கிவிடலாம். சக்கரத்தில் லேசரால் மூன்று புள்ளிகள் சுடுவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இந்த வழியில் முன்னோடிகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கால்ட் டாய்ஸ் நிறுவனத்துக்காகக் கென் கார்லண்டின் வடிவமைப்புக் கூடம் 1960-களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை செய்தது. பெட்டியும் விலைப்பட்டியலும் வரைவதோடு அவர்கள் நிற்கவில்லை. விளையாட்டுகளையே உருவாக்கிக் கொடுத்தார்கள். 1969-ல் வந்த கனெக்ட், வண்ணக் கோடுகள் அச்சிட்ட அட்டைகளை ஒன்றையொன்று தொட வைத்துப் பாதைகளைச் சேர்க்கும் விளையாட்டு. அங்கே பொம்மை எது, அதன் வரைகலை எது என்று பிரிக்கவே முடியாது. விளையாட்டுத்தனத்தைப் பெட்டியின் மேல் ஒட்டாமல் பொருளிலிருந்தே எடுத்த அந்த அணுகுமுறையைத்தான் இந்தப் பட்டறைக்கும் நான் பரிந்துரைக்க நினைத்தேன்.

இதன் குறைகளையும் அவர்களிடம் மறைக்கவில்லை. வட்டத்தையும் கூம்பையும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. லெகோவே தன் செங்கல்லின் உருவத்தை ஐரோப்பாவில் வணிகக் குறியாகக் காக்க முயன்று, அந்த உருவம் பொருத்திப் பூட்டும் தொழில்நுட்பத்துக்குத் தேவையானது என்ற காரணத்தால் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது; அதன் மனித பொம்மையின் உருவத்துக்கு மட்டும் 2015-ல் பாதுகாப்பு உறுதியானது. நம் 1999 வணிகக் குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும், தொழில்நுட்பப் பயனுக்குத் தேவையான உருவங்களைப் பதிய இடம் தருவதில்லை. ஆகவே மூன்று சக்கரம் மட்டும் தனியே நின்றால் அது காவலில்லாத வீடு. பெயரோடு சேர்த்தே பதிய வேண்டும். இன்னொன்று, இத்தகைய தட்டை உருவங்களைப் பார்த்தால் சிலருக்குப் பள்ளிக் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வரும். அண்ணன் முதலில் சொன்னதும் அதையேதான்: “ரொம்ப அமைதியா இருக்குதுங்க, குழந்தைகளுக்குப் பிடிக்குமா?”

அந்தக் கேள்விக்கு விடை வண்ணத்தில் கிடைத்தது. முதல் மாதிரியைச் சிவகாசியில் அடித்து வாங்கினோம். வழக்கமான நான்கு வண்ண அச்சு. பெட்டி மேல் இருந்த ஆரஞ்சையும் உள்ளே இருந்த அரக்கு ஆரஞ்சையும் பக்கத்தில் வைத்தபோது, அச்சில் வந்தது மங்கிய செங்கல் நிறமாக இருந்தது. அச்சகத்தின் மேல் தவறில்லை; அந்த நிறம் நான்கு மைகளின் கலவையில் பிறக்காது என்று தெரிந்திருந்தும், திரையில் கண்ட ஒளியை நம்பிக் கோப்பை அனுப்பியது நான். கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வுச் சூட்டில் உருகி ஏறும் அந்த மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஓர் ஆழம் இருக்கிறது. அவற்றுக்கென்றே கலந்த தனி மையில் இரண்டாவது மாதிரியை அடித்தபோது, அதே வட்டங்கள் பெட்டியிலிருந்து எழுந்து நின்றன. யானை வரைந்தால் நிழலுக்கும் தோலுக்கும் நான்கு வண்ணங்களும் வேண்டும். இங்கே அரக்குச் சிவப்பு, மஞ்சள், எழுத்துக்குக் கறுப்பு என்று மூன்று தகடுகள் போதும். செலவும் குறைந்தது, நிறமும் உண்மையானது.

அந்த நான்கு வயதுப் பையனிடம் இந்தப் பெட்டியையும் கொடுத்தோம். நடைவண்டியின் சிறு வடிவம் அதில் இருந்தது. மூடியில் அச்சிட்ட வட்டத்தின் மேல் ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தான். அளவு சரியாக இல்லை, அச்சிட்டது சற்றுப் பெரிது. வேறொரு வட்டத்தில் வைத்தான். அங்கும் பொருந்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகு எல்லா உருவங்களையும் உண்மை அளவிலேயே அச்சிடுவதென்று அன்றே முடிவானது. உள்ளே இருப்பதைத்தான் மூடி சொல்கிறது என்பதை யாரும் சொல்லாமலே அவன் கண்டுகொண்டிருந்தான்.

எனவே என் பரிந்துரை இப்படி அமைந்தது. சக்கரமும் மணியும் முகப்பில் ஆட்சி செய்யட்டும். பெயர், உருளும் புள்ளிகளோடு தமிழிலும், விளையாட்டு ஏதுமில்லாத எளிய எழுத்தில் ஆங்கிலத்திலும், அடிப்பகுதியில் அமைதியாக நிற்கட்டும். பெயரும் மூன்று சக்கரமும் சேர்ந்த உருவமாக 28-ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கலாம். யானை இப்போதைக்கு வேண்டாம். என்றாவது இழுத்துச் செல்லும் யானை வண்டி ஒன்றைக் கடைசலில் செய்தால், அந்தப் பெட்டியின் மேல் அதன் காதும் துதிக்கையும் உறுப்புகளாக வரட்டும் என்றேன்; அண்ணன் அடுத்த வாரமே மாதிரி ஒன்றைக் கடையத் தொடங்கிவிட்டார். பேசும் பாத்திரத்தை வைத்துக் காணொளிகளும் கதைகளும் வெளியிடும் ஆள்பலம் உள்ள நிறுவனத்துக்கு நான் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பேன். பெயர் ஏற்கெனவே ஊரறிந்ததாக இருந்தால் எழுத்து மட்டுமே போதும் என்றும் சொல்லியிருப்பேன்.

முதல் தவணையாக ஆயிரம் பெட்டிகள், இரண்டு அளவுகளில், வெள்ளை முகம் கொண்ட டூப்ளெக்ஸ் அட்டையில் அச்சுக்குப் போகின்றன. பெரிய பெட்டியின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டு வட்டங்கள் அரைகுறையாக வெட்டப்பட்டிருக்கும். அழுத்தினால் துளையாகும், அதில் குச்சியைச் செருகி இரு முனையிலும் சக்கரம் மாட்டினால் காலிப் பெட்டி வண்டியாகும். பிரிந்து வரும் அட்டை வில்லைகள் குழந்தையின் வாய்க்குள் போகும் அளவில் இருக்கக் கூடாது. சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர் என்பதால், வட்டங்களை 45 மில்லிமீட்டராக வைத்து, நடைவண்டிச் சக்கரத்தின் அளவையும் அதற்கேற்ப மாற்றிக் கடைகிறார்கள்.